போகக்கூடாத முனை

மெஷின் ஓடும்போதெல்லாம் என் இடது கை அந்தச் சிவப்பு பட்டனின் மேலேயே இருக்கும். காளான் குடைபோலப் புடைத்திருக்கும் அதை ஓங்கி அடித்தால் எல்லாம் நின்றுவிடும். முதல் நாள் எனக்கு எத்தனையோ காட்டினார்கள். நான் மனதில் வாங்கிக்கொண்டது அந்தப் பட்டனை மட்டும்தான். மற்ற ஆபரேட்டர்கள் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு அளவெடுக்கும் வெர்னியரைத் துடைப்பார்கள், பக்கத்து மெஷின்காரரிடம் கிரிக்கெட் பேசுவார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"அக்கா, ஒங்களுக்கும் அந்தப் பட்டனுக்கும் கல்யாணம் ஆயிருச்சா? புடிச்ச கைய விடவே மாட்டேங்கீங்க."

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெண் இப்படித்தான் பேசுவாள். தளவாய்புரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். டிப்ளமோ படித்தவள், என்னைவிட ஆறு வயது சின்னவள். அவளுக்கு எதைக் கண்டும் பயம் கிடையாது. அதனாலேயே எனக்கு அவளைக் கண்டு கொஞ்சம் பயம்.

ராஜபாளையத்தில் நூற்பாலைகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை அது. எண்களை அடித்துக் கொடுத்தால் தானே ஓடும் இரண்டு சிஎன்சி லேத். பெண்களையும் எடுத்துப் பார்ப்போம் என்று முதலில் அவளை எடுத்தார்கள். அடுத்தது நான். நிபந்தனை எளிமையானது. மூன்று மாதம் பழக வேண்டும். கடைசியில் ஒரு வேலையை, யார் துணையும் இல்லாமல், புரோகிராமிலிருந்து முதல் பீஸ் வரை நானே செட் செய்து காட்ட வேண்டும். காட்டினால் பகல் ஷிப்டில் சின்ன மெஷின் எனக்கு. இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதற்கு முன் நான் ஆஸ்பத்திரிப் பஞ்சு, கட்டுத்துணி பேக்கிங்கில் இருந்தேன். அங்கே வாரம் மாறி வாரம் மாலை ஷிப்ட் வரும். அந்த வாரங்களில் நான் வீடு திரும்பும்போது என் மகள் தூங்கியிருப்பாள். நான்கு வயது. தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு இவள் என்ன பேசியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். பகல் வேலை என்றதும் பேக்கிங்கை விட்டேன். மறுநாளே அந்த இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும், விட்டது தப்போ என்று தோன்ற ஆரம்பித்தது. மூன்று மாதமும் அது தோன்றிக்கொண்டேதான் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீடு தேரோடும் வீதிக்குப் பின்னால் இருக்கிறது. என் கணவர் பால்கோவா போடுகிறவர். விடிவதற்கு முன்பே கடை அடுப்படிக்குப் போய், மதியத்துக்கு மேல் வந்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்துவிடுவார். காலையில் அவளைக் கிளப்பி, கேஸை மூடி, அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். மூடினேன் என்று தெரியும். தெருமுனை வந்ததும் மூடினேனா என்று இருக்கும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். இருந்தாலும் ஒருமுறை திறந்து மூடினால்தான் மனது அடங்கும். இப்படி எத்தனை பஸ்ஸை விட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

பஸ் ஊர் எல்லை தாண்டியதும் கண்ணாடி வளையல்களைக் கழற்றி டிபன் பாக்ஸ் பைக்குள் போட்டுக்கொள்வேன். சுற்றுகிற மெஷினுக்கு முன்னால் வளையல், துப்பட்டா, தொங்கும் முடி எதுவும் கூடாது. தாலியை உள்ளே விட்டு, கழுத்து வரை பட்டன் வைத்த கோட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். கழுத்துப் பட்டன் விழுந்ததா என்று அதையும் நான்கு முறை தடவிப் பார்ப்பேன். சாயங்காலம் பஸ்ஸில் வளையலை மறுபடி போடும்போது, விரல் பத்தும் இருக்கிறதே என்று ஒரு நினைப்பு வரும். சிரிப்பாகத்தான் இருக்கிறது, இப்போது எழுதும்போது.

புரோகிராம் எனக்குக் கஷ்டமாக இல்லை. நான் பி.காம். படித்தவள், எழுதிவைத்ததை வரிசையாகச் செய்யும் எதுவும் எனக்கு வரும். மகளின் பழைய கோடு போட்ட நோட்டில் எழுதிப் பழகினேன். எக்ஸ் என்றால் உருளையின் விட்டம். இசட் என்றால் நீளம். ஜி சைபர் ஒன்று என்றால் உளி வெட்டிக்கொண்டே மெதுவாகப் போகும். ஜி சைபர் சைபர் என்றால் வெட்டாமல் பறக்கும். அந்தப் பறப்புதான் எனக்கு ஆகாது. உளிகள் பூட்டிய அந்தப் பெரிய தலை, சுற்றிக்கொண்டிருக்கும் இரும்பை நோக்கி மோதுவதுபோல ஓடி வந்து, இரண்டு மில்லிமீட்டர் முன்னால் டக்கென்று நிற்கும். நான் ஒரு எண்ணைத் தப்பாக எழுதியிருந்தால் நிற்காது. அப்படி நிற்காத ஒரு மெஷினின் கண்ணாடியை ஓரத்தில் சாத்தி வைத்திருந்தார்கள், சிலந்தி வலைபோல விரிசலோடு. அதைக் கடக்காமல் கழிப்பறைக்குப் போக முடியாது.

எனவே எண்களை இரண்டு முறை, மூன்று முறை வாசித்தேன். இரும்பு மாட்டாமல் வெறும் ஓட்டம் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன்.

"ஒரு பீஸுக்கு இம்புட்டு நேரமா? மில்லுக்காரன் பிள்ளைக்குக் காது குத்தி, பொறவு கல்யாணமும் முடிச்சிருவான் அக்கா" என்பாள் அந்தப் பெண். ஆனாலும் என் நோட்டை வாங்கிப் பார்த்து, "தப்பே இல்ல. தப்பே இல்லாம எழுதிட்டு எதுக்கு இப்படி முழிக்கீங்க?" என்று கேட்டாள்.

மூன்று மாதமும் ஒரு தப்பும் செய்யாமல் இருந்தேன். அதுவே ஒரு பயமாக ஆகிவிட்டது. எங்கேயோ ஒன்று எனக்காகக் காத்திருப்பதாகத் தோன்றும்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை வந்தது. ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். உள்ளே கன்மெட்டல் என்கிற செம்புக் கலவையில் பத்து வார்ப்புகள், மங்கிய மஞ்சள் நிறத்தில். ஒரு மில்லிலிருந்து வந்தவை.

"பத்து புஷ்ஷு. மில்லுல மெஷின நிப்பாட்டிட்டு ஒக்காந்திருக்காக. பத்துக்குப் பத்துதான் குடுத்திருக்காக, உபரி கெடையாது. இதத்தாம்மா நீ செட் பண்ணப் போறே."

"சார், வேற ஏதாச்சும் இரும்பு வேல..."

"இரும்புல எவனும் போட்டிருவான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பரீட்சை என்றால் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. அந்தப் பெண் என் கோட்டின் கழுத்துப் பட்டனை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "நான் அங்குட்டு இருக்கேன், கூப்பிட்டா வர மாட்டேன்" என்று அடுத்த மெஷினுக்குப் போனாள்.

புஷ் என்பது நடுவில் துளையுள்ள சின்ன உருளை. அந்தத் துளைக்குள் ஒரு தண்டு சுற்றும். துளை இருபத்தைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கூடினால் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் கூடலாம். அதைப் பார்ப்பதற்கு ஒரு கேஜ் உண்டு. கைப்பிடியின் இரண்டு பக்கமும் இரண்டு முனைகள். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். சிவப்பு வளையம் போட்ட மறுமுனை போகக் கூடாது. முதலாவது போய், இரண்டாவது போகாமல் நின்றால் பீஸ் சரி. எனக்கு அந்தக் கேஜைப் பிடிக்கும். மெஷினோடு சேர்ந்தவற்றில் சந்தேகத்துக்கு இடம் வைக்காதது அது ஒன்றுதான்.

புரோகிராமை அடித்தேன். உளிகளைத் தொட்டு அளவு எடுத்தேன். வெறும் ஓட்டம் இரண்டு தடவை. எல்லாம் சரியாக வந்தது. முதல் பீஸில் துளையை வேண்டுமென்றே சின்னதாகத்தான் வெட்டுவோம். அளந்து பார்த்துவிட்டு மிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்காக உளியின் கணக்கில் முதலில் 0.3 கழித்து வைத்தேன். வெட்டியது. தங்கப்பொடி மாதிரி தூள் கதவின் கண்ணாடியில் பட்டு வழிந்தது. என் கை சிவப்பு பட்டனில்தான் இருந்தது. நின்றதும் அளந்தேன். 24.70. ஆக, இன்னும் 0.31 கூட்டினால் சரியாக நடுவில் வந்து உட்காரும்.

கணக்குப் பக்கத்தைத் திறந்து 0.31 என்று அடித்து, கூட்டும் பட்டனை அழுத்தினேன். திரையில் 0.010 என்று வந்தது.

ஏற்கனவே கழித்து வைத்த 0.3 போக மீதி அதுதான். ஒன்றாம் வகுப்புக் கணக்கு. இப்போது யார் கேட்டாலும் சொல்வேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் அடித்த எண் திரையில் இல்லை என்பதுதான். பட்டன் சரியாக அழுந்தவில்லையோ? ரப்பர் பட்டன், சத்தமும் போடாது. கேஸை மூடினேனா என்று தெருமுனையில் வருமே, அதே சந்தேகம். மறுபடி 0.31 என்று அடித்து அழுத்தினேன். 0.320 வந்தது. மூன்றைப் பார்த்ததும் மனது அடங்கியது. கதவைச் சாத்தி, பச்சை பட்டனை அழுத்தினேன்.

கேஜை எடுத்துப் போக வேண்டிய முனையை விட்டேன். போனது. திருப்பி, சிவப்பு முனையை வைத்தேன். அதுவும் போனது. தடையே இல்லாமல், எண்ணெய்க்குள் விரல் போவதுபோலப் போனது.

வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி விட்டேன். மறுபடி போனது. துளைக்குள் துணியால் துடைத்தேன். பீஸ் சூடாக இருக்கிறது, ஆறினால் சுருங்கும் என்று நினைத்துக் கையில் வைத்து ஊதினேன். பிள்ளைக்குச் சோறு ஊதுவதுபோல ஊதிக்கொண்டிருந்தேன். அப்புறம் வெர்னியரில் பார்த்தேன். 25.32. வெட்டியெடுத்த உலோகம் திரும்பி வராது. பத்தில் ஒன்று போய்விட்டது.

யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண் முதுகைக் காட்டி நின்றாள். ஃபோர்மேன் ஷட்டருக்கு வெளியே டெம்போக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். மேசையில் அளவுத் தாள் இருந்தது. ஒவ்வொரு பீஸுக்கும் துளை அளவு எழுத ஒரு கட்டம். நாமே அளந்து நாமே எழுதுவதுதான் அங்கே வழக்கம். இருபத்தைந்து புள்ளி சைபர் ஒன்று என்று எழுதிப் பெட்டியில் போட்டால், இது பத்தோடு ஒன்றாகக் கிடக்கும். பேனாவை எடுத்தேன். எடுத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. முதல் கட்டத்தில் பேனா முனையை வைத்து ஒரு புள்ளிகூட வைத்தேன்.

அப்போது நினைத்தது பிள்ளையை. சாயங்காலம் கதவைத் திறந்ததும் ஓடி வந்து வளையலைத் தொடுவாள். இந்த மெஷின் இல்லையென்றால் மறுபடி ஏதோ ஒரு மாலை ஷிப்ட். அந்தப் பக்கம், மில்லில் தண்டு லொடலொடவென்று ஆடி, அதன் முன்னால் நிற்கிற பெண். அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும்.

நேர்மையினால் பேனாவைக் கீழே வைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. மூடிய கேஸையே என்னால் ஒரு தெரு தூரம் நம்ப முடியாது. அந்தப் பீஸை மில்லுக்கு அனுப்பிவிட்டு எத்தனை நாள் நடமாடுவேன்? அதைத் திரும்பிப் போய்ப் பார்க்கவும் முடியாது. சொல்வதைவிட அது அதிகப் பயமாக இருந்தது.

அந்தப் பெண்ணிடம் போய்க் கையை நீட்டினேன். பீஸைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சிவப்பு முனையை விட்டாள்.

"அய்யோ, தொளையா இது? கெணறு! என்ன பண்ணுனீங்க?"

சொன்னேன்.

"ரெண்டு தடவ அழுத்துனீங்களா? எதுக்கு?"

"சரியா ஏறுச்சான்னு சந்தேகமா இருந்துச்சு."

"ஏறுச்சுக்கா! மொதத் தடவையே ஏறுச்சு! ஒங்களுக்கு நான்தான் பொறுப்புன்னு ஃபோர்மேன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், தெரியுமா? அவசரப்பட்டுக் கெடுத்தவங்களப் பாத்திருக்கேன். பாத்துப் பாத்துக் கெடுத்த ஆளு நீங்க ஒருத்திதான்." அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

ஃபோர்மேன் பீஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளை வழியாக என்னையும் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்து மில்லுக்குப் போட்டார். மில் பராமரிப்புக்காரரும் அவரும் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டில் கேட்ட நாலைந்து சொற்கள்தான். 'ஒகட்டி' என்றார். ஒன்று என்று அர்த்தம். 'போயிந்தி' என்றார். போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் வேகமாகப் போனது. நான் ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். 'கொத்த பிள்ள' என்றால் புதுப்பெண். அது வந்தால் நான் முடிந்தேன். வரவில்லை. கடைசியில் 'மன தப்பு' என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தார்.

"அப்படின்னா?" என்று அந்தப் பெண்ணிடம் கிசுகிசுத்தேன்.

"நம்ம தப்புன்னு சொல்லுதாரு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

ஃபோர்மேன் என்னிடம் திரும்பினார். "திங்கக்கெழம காலையில ஒண்ணு குடுத்து விடுவாக. மிச்ச ஒம்பதையும் இன்னைக்கு முடி. பத்தாவத திங்கக்கெழம வந்து போடு. பொறவு பேசுவோம்."

அந்த ஒன்பதையும் எப்படி முடித்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. இரண்டாவது வார்ப்பை மாட்டியதும் அந்தப் பெண் வந்து பின்னால் நின்றாள். பரீட்சை அதோடு போயிற்று என்று அர்த்தமா, கேட்கத் துணிவில்லை. "எண்ண அடிங்க. ஒரு தடவ அழுத்துங்க. தெரையில வந்தத வாய்விட்டு வாசிங்க. வாசிச்சுட்டு கையப் பின்னால கட்டிக்கங்க. பின்னால கட்டுன கை எதையும் அழுத்தாது" என்றாள்.

"சிவப்பு பட்டன்?"

"அத நான் பாத்துக்கிடுதேன்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபோது, நீச்சல் தெரியாதவள் கிணற்றுப் படியில் நிற்பதுபோல இருந்தது. சிவப்பு முனை துளையின் வாயிலேயே நின்றது. ஒன்பதிலும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் சொன்னேன். அவர் முன்னங்கையில் பால் தெறித்த பழைய வடுக்களைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பாலு அடிப்புடிச்சா நான் சொல்லவே வேண்டாம். தெருவே சொல்லிரும், மொதலாளி மோந்துட்டு வந்துருவாரு. ஒனக்கு வாசனையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நீயாப் போயி சொல்லிருக்க."

"அது நல்லதா கெட்டதா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நாளைக்கு ஒங்க ஃபோர்மேனுல்லா சொல்லணும்" என்றார். பிள்ளை கோவாப் பொட்டலத்தைப் பிரித்து, எனக்குத்தான் முதல் வாய் ஊட்டினாள்.

திங்கட்கிழமை பத்தாவது வார்ப்பு ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி வந்தது. இந்த முறை அந்தப் பெண் வரவில்லை. அடுத்த மெஷினில் முதுகைக் காட்டியே நின்றாள். சனிக்கிழமை போட்ட கணக்கு மெஷினில் அப்படியே இருக்கும். அதைத் தொடத் தேவையில்லை. இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து, வாய்விட்டு வாசித்தேன். சரி, இன்னொரு முறை பார்ப்போம் என்று கை முன்னால் வந்தது. அதை இழுத்துப் பின்னால் கட்டினேன். பச்சையை அழுத்தும்போது ஒரு கை மட்டும் வந்து திரும்பிப் போனது. வெட்டிய அந்த மூன்று நிமிடமும் சிவப்பு பட்டன் தனியாக இருந்தது.

போக வேண்டியது போனது. போகக் கூடாதது நின்றது.

ஃபோர்மேன் வந்து தானே ஒருமுறை விட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன மெஷினின் டூல் அலமாரிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "தொலச்சிராத" என்றார். நான் அதை உடனே கோட்டுப் பையில் போட்டு, போட்டேனா என்று தடவிப் பார்த்தேன். அந்தப் பெண் தூரத்திலிருந்தே சிரித்துவிட்டாள்.

"ஒரு தடவ அக்கா! ஒரு தடவ!"

அந்தக் கெட்டுப்போன பீஸை நான் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் ஜன்னலோரம் இருக்கிறது. என் கட்டை விரலை விட்டால் உள்ளே ஆடும்.

இப்போதும் நான் பயப்படாமல் மெஷினை ஓட்டியதில்லை. காலையில் மட்டும் ஒரு மாற்றம். கேஸைத் திருகி, "மூடியாச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசல் வரை நடப்பேன். தெருமுனையில் மூடினேனா என்று இருக்கும். திரும்பிப் போகாமல் பஸ் ஏறிவிடுவேன். பாதி வழியில் அழுகை வந்த நாட்களும் உண்டு.

போன வாரம் செருப்பைத் தேடிக் குனிந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. என் மகள் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, "மூடியாச்சு" என்று சொல்லி, இரண்டு குட்டிக் கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். முகத்தில் அவ்வளவு கவனம். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவளைத் தூக்கிக்கொண்டேன். கைகளை என் கழுத்தில் போடாமல் பின்னாலேயே வைத்திருந்தாள். நான்தான் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.